வெறும் வேர்

சுப்பிரமணியன் அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பிய முதல் படத்தைப் பார்த்ததும் குங்குமம் என்றுதான் நினைத்தேன். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை சிவப்பு. நீல உறை போட்ட ஒரு விரல் அதைச் சுட்டிக்கொண்டிருந்தது. சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். குங்குமம் இல்லை, மண். எங்கள் ஊர்ச் செம்மண். அடுத்த படத்தில் எங்கள் மல்லிகைச் செடிகள், நாங்கள் போட்ட அதே பச்சை ரப்பர் வளையத்தோடு, ஒரு இரும்புத் தொட்டிக்குள் குவிந்து கிடந்தன. அதற்கடுத்த படத்தில் அந்தத் தொட்டியிலிருந்து புகை வந்தது.

படங்களுக்குப் பின்னால் அவர் குரல் வந்தது. சேத்தியாத்தோப்புக்காரர். குவைத்தில் நர்சரி வைத்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை. “சிலம்பு, வேருல மண்ணு இருந்துச்சாம்பா. பிரிச்ச மல்லிச் செடி பூராத்துலயும் இருந்துச்சாம். மொத்தத்தையும் எரிச்சிட்டானுங்க. கூட வந்த முருங்கக்கா, கறிவேப்பிலையெல்லாம் வெயில்ல நின்னு அழுவிப்போச்சு. இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சின்னா என் கடைய சாத்திடுவானுங்க. அடுத்த லோடு சுத்தமா வரணும். இல்லன்னா நாம இத்தோட வுட்டுடுவோம். தப்பா நெனச்சிக்காதப்பா.”

என் கணவன் சிலம்பு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். ஏதாவது ஒரு தரம் அவர் வேறு மாதிரி சொல்லிவிடுவார் என்று நினைத்தானோ என்னவோ. பிறகு போனைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு ஷெட்டுக்கு வெளியே போய் நின்றான். அத்தை, அதாவது அவனுடைய அம்மா செல்லக்கிளி, முற்றத்தில் மிளகாய் துழாவிக்கொண்டிருந்தாள். போனில் வந்த குரல் அவளுக்கும் கேட்டிருக்கும். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாதாரணமாக ஒரு தக்காளிக் கூடை கவிழ்ந்தாலே ஊரைக் கூட்டுகிறவள். அதை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும். என் கண்ணெல்லாம் சிலம்புவின் முதுகின் மேல் இருந்தது.

ஏற்றுமதி என்றால் ஆட்கள் கோட்டுப் போட்ட யாரையோ நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் மூன்று பேர், கூலிக்கு அன்புக்கரசி, மந்தாரக்குப்பத்துக்கு வெளியே ஒரு தகர ஷெட், சிமென்ட் தொட்டி ஒன்று. அவ்வளவுதான் எங்கள் எக்ஸ்போர்ட். குள்ளஞ்சாவடியில் விடியலில் காய் எடுப்போம். மஞ்சளும் மிளகாயும் காயவைத்துப் பொட்டலம் போடுவோம். பின்னால் இருக்கிற நிலத்தில் மல்லிகை, கறிவேப்பிலை, வெற்றிலை, மருதாணிக் கன்றுகள். காயில் மிஞ்சுவது டீசலுக்குச் சரியாகப் போகும். செடிதான் சோறு போட்டது. நெய்வேலிச் சுரங்கத்தில் பணி ஓய்வு பெற்று டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு தென்காசிப் பக்கம் போய்விட்ட என் அப்பா மாடசாமி மட்டும், “மருமவன் எக்ஸ்போர்ட்டுல இருக்காவ” என்று அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். கல்யாணத்தின்போது சிலம்பு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். அப்போது அப்பா என்னிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தார். நெய்வேலியில் மாப்பிள்ளையைப் பற்றி முதலில் கேட்கிற கேள்வி பெர்மனென்டா, காண்ட்ராக்டா என்பதுதான். குணம், குடும்பமெல்லாம் அதற்கப்புறம்.

செடி அனுப்புவதில் ஒரே ஒரு சட்டம்தான் முக்கியம். மண் கூடாது. ஒரு நாட்டு மண்ணில் இருக்கிற புழுவும் பூஞ்சையும் இன்னொரு நாட்டுக்குள் போய்விடும் என்று பயம். அதனால் செடியைப் பிடுங்கி, உதறி, தொட்டியில் அலசி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வேர் இடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். வேர் இவ்வளவு வெள்ளை என்பதே இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அப்புறம் ஈரத் தேங்காய்நார்த் தூளில் பொதிந்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, ரப்பர் வளையம் போட வேண்டும். ஷெட்டு வாசலில் நின்று பார்த்தால் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண் மலைமலையாகத் தெரியும். அந்த மலையடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பொட்டு மண் இல்லாமல் செடி அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். நாங்களும் ஆரம்பத்தில் சிரித்தோம்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது செடி கேட்டால் அவள் தாய்மண்ணோடு அள்ளி, வாழை மட்டையில் வைத்துக் கட்டிக் கொடுப்பவள். வேர் தெரியச் செடி கொடுப்பது அவளுக்கு ஆளைத் துணியில்லாமல் வாசலில் நிறுத்துகிற மாதிரி. “வெறும் வேரோட எப்பிடிடா பொழைக்கும் அவ்ளோ தொலைவுல?” என்று சிலம்புவிடம் கேட்டாள். பொழைக்கும்மா, தூளு இருக்குதில்ல என்றான். அவளும் பழகிக்கொண்டாள். பொதிந்து கட்டுவது அவள் வேலை. அன்புக்கரசி அலசுவாள், நான் சரிபார்ப்பேன், அத்தை கட்டுவாள்.

குவைத் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிலம்புவுக்கு நிலவன் என்று ஒரு தம்பி. ஐடிஐ முடித்துவிட்டு அண்ணனைப் போலவே காண்ட்ராக்டில் சேர்ந்தான். வாயாடி. என்னை அண்ணி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, ‘டவுன்ஷிப்பு’ என்றுதான் கூப்பிடுவான். பெர்மனென்ட் ஆகக் காத்திருந்து அலுத்துப்போய்க் குவைத்துக்குப் போனான். கொரோனா வந்த வருஷம், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். விமானம் இல்லை. உடலைக் கொண்டுவர யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. அவன் தங்கியிருந்த அறைக்காரர்கள் மூலமாக, நம் ஜில்லாக்காரர் என்று சுப்பிரமணியன் அண்ணனைப் பிடித்தோம். யாரென்றே தெரியாத எங்களுக்காக அந்த மனுஷன் புதைக்கிற இடம் வரை போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து போனில் காட்டினார்.

சிலம்பு வீட்டில் புதைப்பதுதான் வழக்கம். குழிக்குள் இறக்கியதும், யாரும் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன், கூடப் பிறந்தவன் தன் கையால் ஒரு பிடி மண் போட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள். அன்று போனில் நாங்கள் பார்த்தது வெளிறிய மணல்வெளி, வெள்ளை உடுப்பில் நாலைந்து பேர், மஞ்சள் நிறத்தில் ஒரு இயந்திரம். அது மணலைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து நின்றுவிட்டது. அத்தை அழவில்லை. “யாரு மண்ணு போட்டது?” என்று மட்டும் கேட்டாள். கருமாதியைப் போட்டோவை வைத்துச் செய்தோம்.

அதற்குப் பிறகு சுப்பிரமணியன் அண்ணன் மாதத்துக்கு ஒரு தரம் அத்தையிடம் போனில் பேசுவார். அந்தப் பேச்சில்தான் ஒரு நாள், நம்ம ஊரு மல்லிச் செடிக்கு இங்க நல்ல கிராக்கி, அனுப்ப முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் இது ஆரம்பித்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சோறு அந்தச் சாவிலிருந்து வந்தது. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு மட்டும் சில நாள் சாப்பிடும்போது நினைவுக்கு வரும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி சாப்பிடுவேன்.

படங்கள் வந்த மறுநாள் சிலம்பு அன்புக்கரசியை நிறுத்தினான். அலசுவது அவள் வேலை, மண் இருந்திருக்கிறது, வேறென்ன யோசிக்க? அந்த லோடு கிளம்பிய வாரத்தில் அவள் குழந்தைக்குக் காய்ச்சல். தினமும் சீக்கிரம் கிளம்பினாள். சென்னையில் செடிகளைச் சோதிக்கிற அதிகாரி பிரித்துப் பார்த்த பெட்டிகளில் அன்று வெற்றிலையும் கறிவேப்பிலையும்தான் இருந்தன, மல்லிகை தப்பிப் போய்விட்டது. எல்லாம் அவள் தலையில் கச்சிதமாகப் பொருந்தியது.

“அண்ணே, எம்புள்ள மேல சத்தியமா சொல்றேன், ஒவ்வொன்னையும் தேச்சித் தேச்சிதான் குடுத்தேன். அண்ணியக் கேளுங்க, பாத்துகினுதான இருந்தாங்க?” என்றாள் அன்புக்கரசி.

சிலம்பு என்னைப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் நினைவு. ஆனால் எரிந்த செடிகளின் படம் போனில் இருந்தது. நினைவு பெரிதா, படம் பெரிதா? நான் தரையைப் பார்த்தேன்.

“எஞ்சோத்துல மண்ண போட்டுட்டீங்களே அண்ணி,” என்றாள். பிறகு அத்தையைப் பார்த்து, “பெரியம்மா, நீயாவது சொல்லேன்,” என்றாள். அத்தை நார்த் தூளைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அன்புக்கரசி தன் டிபன் தூக்கையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனாள். செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே ரோடு வரை நடந்தாள்.

அந்த வாரமே சுப்பிரமணியன் அண்ணனிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. நல்ல மனசோடு அனுப்பியதுதான். தொழில் சரிப்படவில்லையென்றால் சிலம்பு அங்கே வந்துவிடலாம், நர்சரியில் ஒரு ஆள் தேவைப்படுகிறது, விசாவுக்கு அவர் பொறுப்பு. சாப்பிடும்போது சிலம்பு அதை எங்களுக்குப் படித்துக் காட்டினான்.

“இந்த லோடு போய்ச் சேந்துட்டா பொழைச்சோம். இல்லன்னா நான் கெளம்பிடுவேன். மறுபடி காண்ட்ராக்டர் கேட்டுல போய்க் கைகட்டி நிக்க என்னால ஆவாது.”

“அந்த ஊருக்கா?” என்றேன். அத்தை முன்னால் நான் அவனை மரியாதையாகத்தான் பேசுவேன். அன்று அதெல்லாம் மறந்துவிட்டது. “உனக்கு வேற ஊரே கெடைக்கலையா?”

“எந்த ஊர்ல கூப்புடுறாங்க?”

அத்தை அவன் தட்டில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டு நிறைந்து, தரையில் வழிந்து, என் புடவை ஓரம் நனைகிற வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். போதும்மா என்று சிலம்பு அவள் கையைப் பிடித்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மல்லிகைச் செடியின் வேரில் அடங்கிவிட்டது என் வாழ்க்கை என்று நினைத்தபோது ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது.

அடுத்த லோடுக்கான நாள் வந்தது. சாயங்காலம் கலியமூர்த்தி டெம்போ கொண்டுவருவார். அதற்குள் எல்லாம் கட்டி முடிய வேண்டும். சிலம்பு காய் எடுக்கக் குள்ளஞ்சாவடி போயிருந்தான். நானும் அத்தையும் மட்டும். அலசுவதை நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிவிட்டது. தூரத்தில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியபோது கடைசிச் செடியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, சோறு வைக்க வீட்டுக்குள் போனேன். அரிசியைக் கழுவிப் போட்ட பிறகுதான் போனைத் தொட்டி விளிம்பிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தபோது அத்தை எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டி அடுக்கிய பெட்டியிலிருந்து ஒரு செடியை வெளியே எடுத்து, ரப்பர் வளையத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளை மடியில் விரித்து வைத்திருந்தாள். இடது கையில் முந்தானையின் முனை. அதில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, நார்த் தூளுக்கு நடுவில், வேரை விலக்கி, அழுத்தி வைத்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது வைக்கிற அளவு, அவ்வளவுதான் இருக்கும். சிவப்பாக இருந்தது.

“அத்தை.”

அவள் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது.

“நீங்களா?”

நான் அவள் முன்னால் போய் நின்றேன். “அன்புக்கரசி அழுதுகிட்டே போனாளே, பாத்துகிட்டு உக்காந்திருந்தீங்களே. அவ என்ன பாவம் பண்ணா? உங்க மகன் பொழைப்பு என்ன பாவம் பண்ணுச்சு? பைத்தியமா பிடிச்சிருக்கு?” இன்னும் என்னென்னவோ கத்தினேன். பெரியவளைப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளை ஒரு கையால் நீவிவிட்டாள்.

“அந்தத் தம்பி சொன்னாரும்மா,” என்றாள். சுப்பிரமணியன் அண்ணனைத்தான் அவள் தம்பி என்பாள். “போன மாசம் போன்ல சொன்னாரு. இந்த வாட்டி வர்ற மல்லியில ஒன்ன எடுத்துகினு போயி நிலவன் படுத்துகினு இருக்கிற எடத்துல வெக்கிறேன், பர்மிசன் கேட்டிருக்கேன்னு சொன்னாரு.”

“அதுக்கு?”

“எந்தச் செடிய எடுப்பாரோ எனக்கு எப்பிடித் தெரியும்? அதான் எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சம் வெச்சேன்.”

நான் அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். சுப்பிரமணியன் அண்ணன் அதை நிஜமாகச் சொன்னாரா, ஒரு தாயிடம் பேச வேறெதுவும் கிடைக்காமல் சொன்னாரா, யாருக்குத் தெரியும். அந்த ஊரில் அதற்கெல்லாம் அனுமதி கொடுப்பார்களா என்றும் எனக்குத் தெரியாது. இப்படி ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தைகளைச் சொன்னவர்கள் மறந்துவிடுவார்கள். கேட்டவர்கள் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று யோசிக்க மாட்டார்கள்.

“பொட்டியெல்லாம் சிலம்பு கையாலதான போவுது?” என்றாள் அத்தை. “அவந்தான் கையெழுத்துப் போடறான், அவந்தான் தூக்கி வண்டியில வெக்கிறான். அப்ப அது அண்ணங்காரன் கையி மண்ணுதான? மிஷினு தள்ளி மூடிச்சே எம்புள்ளய. ஒரு பிடி மண்ணுக்கா வழியில்லாத போனான்?”

வெளியே சுரங்கத்துக் கன்வேயர் ஓடுகிற இரைச்சல் கேட்டது. எப்போதும் கேட்பதுதான், அன்றுதான் காதில் விழுந்தது. என் கோபம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் சாயங்காலம் டெம்போ வரும் என்பது போகவில்லை.

“சரி, போன தடவைதான் மாட்டிக்கிச்சு. எரிச்சிட்டாங்க. அப்புறமும் ஏன் அத்தை வைக்கிறீங்க?”

“எரிச்சிட்டாங்களே, போய்ச் சேரலியே. இந்த வாட்டி ஒன்னே ஒன்னுலதான் வெச்சேன். நெறைய வெச்சதாலதான கண்டுபுடிச்சாங்க? எந்தச் செடின்னு தம்பிகிட்ட போன்ல அடையாளம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இதுவே கடைசி லோடா போச்சின்னா, அப்பறம் நான் எதுல அனுப்புவேன்?”

“அந்த ஒன்ன அவங்க பிரிச்சா என்ன ஆகும்? சிலம்பு கிளம்பிடுவாரு. அதே ஊருக்கு. தெரியுமில்ல?”

“போனா போவட்டும். அவன் கையாலயே போட்டுட்டு வரட்டும்.”

சொன்ன வேகத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. மண் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் வெளியே தெரிந்தது. அப்படி ஒரு பயத்தை நான் யார் கண்ணிலும் பார்த்ததில்லை. நிலவன் செத்த செய்தி வந்த அன்றுகூட அவள் கண் அப்படி இருக்கவில்லை. இருக்கிற பிள்ளையை அனுப்பி, செத்துப்போன பிள்ளைக்கு மண் போடப் பார்த்திருக்கிறோம் என்று அந்த ஒரு நொடியில் அவளுக்கே தெரிந்துவிட்டது.

“நான் அப்பிடி நெனைக்கலம்மா,” என்றாள். “அப்பிடி நெனைக்கல இளவேனி. வாயில வந்துடுச்சி. எஞ்சாமி, வாயில வந்துடுச்சி.”

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் மடியில் இருந்த செடியை எடுக்கப் போனேன், விடவில்லை. தானே எழுந்து தொட்டிக்குப் போனாள். தூளையெல்லாம் உதறி, வேரைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். சிவப்பு மெல்லப் பிரிந்து போயிற்று. பிரஷ்ஷை எடுக்கவில்லை. விரலாலேயே ஒவ்வொரு வேராக உருவினாள். வெள்ளையாகிவிட்ட பிறகும் விடவில்லை, புதுத் தண்ணீரை மொண்டு ஊற்றி மறுபடி அலசினாள். நான் மற்ற மல்லிகைக் கட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒன்றில்தான் வைத்தேன் என்றாள், அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் பிரித்தேன். அவள் அதைப் பார்த்தாள். நான் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க வாங்கி அலசினாள்.

சிலம்பு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். கலியமூர்த்தியின் டெம்போவிலேயே காய் மூட்டைகளோடு வந்து இறங்கியவன், கட்டி முடித்திருக்க வேண்டிய செடிகள் ஷெட்டு முழுக்க அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தான்.

“இன்னும் கட்டலியா? மணி என்னாச்சு?”

நான் ஏதோ ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சரியில்லை, தூளில் பூச்சி, இப்படி ஏதாவது. அதற்குள் அத்தை நிமிர்ந்தாள்.

“அன்புக்கரசி இல்லடா. நாந்தான் மண்ணு வெச்சேன். போன வாட்டியும் நாந்தான்.”

“எதுக்கு?”

“உந்தம்பிக்கு,” என்றாள்.

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. எனக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்பட்ட விஷயம் அவனுக்கு அந்த ஒரு வார்த்தையில் புரிந்துவிட்டது. அன்று போன் உறைந்து நின்ற பிறகும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் அவன்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அத்தைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு செடியை எடுத்துத் தண்ணீரில் வைத்தான். மூன்று பேரும் வேலை செய்தோம். கலியமூர்த்தி ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, வண்டிக்கே திரும்பிப் போய் பீடி பற்ற வைத்தார்.

பாதி வேலையில் சிலம்பு, “அன்புக்கரசி?” என்றான்.

“நான் போறேன் அவ வூட்டுக்கு. நாந்தான் சொல்லணும். திட்டுனா திட்டட்டும்.”

அவள் வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வடலூர்ப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறாள் என்று அந்த வாரமே கேள்விப்பட்டிருந்தேன். உடைத்து உடைத்துக் கையெல்லாம் கறுத்துப்போயிருக்கும். அதை இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது?

கட்டி முடித்தோம். இந்த முறை பொதிந்ததும் நான், வளையம் போட்டதும் நான். அத்தை தள்ளி நின்றுகொண்டாள், தூளைக்கூடத் தொடவில்லை. சிலம்பு ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போய் டெம்போவில் அடுக்கினான். இந்தச் செடிகள் போய்ச் சேருமா, யார் எதைப் பிரித்துப் பார்ப்பார்கள், சுப்பிரமணியன் அண்ணன் அடுத்து அனுப்பப் போகிற படம் எதுவாக இருக்கும், ஒன்றும் தெரியாது. வேர்கள் சுத்தமாக இருந்தன. அதை மட்டும் நான் யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்வேன்.

தொட்டியில் தண்ணீர் தெளிய ஆரம்பித்திருந்தது. அடியில் மெல்லிய படிவாகச் சிவப்பு இறங்கியிருந்தது. வழக்கமாக அந்தத் தண்ணீரைத் திறந்து கறிவேப்பிலைப் பாத்திக்கு விடுவோம். நான் அடைப்பைப் பிடுங்கக் குனிந்தேன்.

“இரும்மா,” என்றாள் அத்தை.

சிலம்பு கை துடைத்துக்கொண்டு வந்தான். “நான் வரேம்மா. சென்னையில எறக்கிட்டுக் காத்தால வந்துடுவேன்.”

“சிலம்பு. ஒரு வாட்டி கைய வுட்டு எடுடா.”

“என்னாத்த?”

அவள் தொட்டியைக் காட்டினாள்.

“வண்டி நிக்கிதும்மா,” என்றான். வேகமாக டெம்போவுக்கு நடந்தான். கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தான். அத்தை அவனைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அந்தக் காலை இறக்கினான். திரும்பி வந்தான். மடித்த சட்டைக் கை நனைய, தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினான்.

அள்ளியவன் நிமிர்ந்து நின்றான். தண்ணீர் விரலிடுக்கில் சிவப்பாக வழிந்தது. ஷெட்டைப் பார்த்தான், பாத்தியைப் பார்த்தான், தூரத்தில் நிற்கிற மண்மலையைப் பார்த்தான்.

“எங்கம்மா போடறது?”

அத்தையும் அவன் பார்த்த பக்கமெல்லாம் பார்த்தாள். கலியமூர்த்தி ஹாரன் அடித்தார்.

சிலம்பு அப்படியே போய் வண்டியில் ஏறினான். மண் பிடித்த இடது கையால் கதவைச் சாத்த முடியாமல், வலது கையை நீட்டி இழுத்துச் சாத்தினான். டெம்போ மண்பாதையில் குலுங்கிக்கொண்டு போய் ரோட்டில் ஏறியது. நானும் அத்தையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே அவன் கை தொங்கியது. வளைவில் மறைகிற வரைக்கும் அது மூடியே இருந்தது.